வாட்ஸ்அப் படமா, ஒரிஜினல் ஃபைலா: 12க்கு 18 பிரிண்டுக்கு எது தாங்கும்?

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணை 12 மெகாபிக்சல் போனில் படம் எடுத்திருக்கிறீர்கள். 12க்கு 18 இன்ச்சில் ஃபிரேம் போட வேண்டும். அதை ஸ்டூடியோவுக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரிஜினல் ஃபைலில் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். 18 இன்ச்சால் வகுத்தால் இன்ச்சுக்கு 222 பிக்சல். எல்லோரும் சொல்லும் 300, கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கான கணக்கு. சுவரில் மாட்டி மூன்றடி தள்ளிப் பார்க்க 150 போதும். ஆகவே இது தாராளமாகத் தாங்கும். தூணிலுள்ள யாளியின் பற்களைத் தனித்தனியாக எண்ணலாம்.

அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். இன்ச்சுக்கு 89தான். பற்கள் கலந்து ஒரே பட்டையாகிவிடும், தூணின் விளிம்பு படிக்கட்டு மாதிரி உடையும். ஆனால் இதே ஃபைலை 4க்கு 6 போட்டால் இன்ச்சுக்கு 267 வருகிறது, அருமையாக இருக்கும். எச்டி தேர்வில் பிக்சல் பெரும்பாலும் தப்பிக்கும், ஃபைல் மட்டும் அழுத்தப்படும், அவசரத்துக்குச் சரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் குறுக்குவாட்டுப் படத்துக்குப் பல போன்களில் 1080 பிக்சல்தான் கிடைக்கும், அதாவது இன்ச்சுக்கு 60.

போட்டோஷாப்பில் இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்ற இடத்தில் 72ஐ 300 என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் தேர்வு) டிக்கை எடுத்துவிட்டு மாற்றினால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது, பிரிண்ட் அளவு மட்டும் மாறும். டிக் இருந்தால் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் நிரப்பும்; தொலைந்துபோன பல் திரும்பி வராது.

10 அடி ஃப்ளெக்ஸ் கதையே வேறு. 4000 பிக்சலுக்கு இன்ச்சுக்கு 33தான் வரும், ஆனால் 20 அடி தூரத்துக் கண்ணுக்கு அதுவே போதும்.

பென் டிரைவ் இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே கேலரி வழியாகப் போகாமல் 'டாக்குமென்ட்' வழியாக ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிக்சல் அப்படியே போகும். ஐபோன் என்றால் அது படங்களைச் சேமிக்கும் ஹெச்இஐசி வகை ஃபைல் சில ஸ்டூடியோ கம்ப்யூட்டர்களில் திறக்காது, ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள். இன்னொன்று: போன் படம் 4க்கு 3, பிரிண்ட் 3க்கு 2. குறுக்குவாட்டுப் படத்தில் மேலும் கீழும் சேர்த்து 333 பிக்சல் வெட்டுப்படும். தூணின் தலை போகிறதா என்று பிரிண்ட் கொடுக்கும் முன்பே திரையில் காட்டச் சொல்லுங்கள்.