டெங்குவுக்கு எதிராகச் செப்பு ஏற்றிய கிளைப் பல்பகுதியம்: பி.ஈ.ஐ.யா, பமாமா?

கிளைத்த பல்பகுதியத்தில் (பொலிமரில்) செப்பை ஏற்றினால் அது டெங்கு வைரசை மறிக்குமா என்று சோதிக்கக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் இறங்கினால் முதலில் கைக்கு வருவது கிளைத்த பொலியெத்திலீன்இமைன், சுருக்கமாகப் பி.ஈ.ஐ. மலிவானது, செப்பு பட்டதுமே கடும் நீலமாகும். 4.3 மி.கி. பி.ஈ.ஐ.யை 10 மி.லீ. நீரில் கரைத்து 2.5 மி.கி. நீல செப்பு சல்பேற்றுப் பளிங்கைச் சேர்த்தால் பல்பகுதியத்தின் பத்து நைதரசன் அணுவுக்கு ஒரு செப்பு அயன். நான்குக்கு ஒன்று என்பதைத் தாண்டினால் மிகுதிச் செப்பு பிடியின்றித் திரியும். நம் ஊர் ஈரக்காற்றில் போத்தலைத் திறந்து வைக்கக் கூடாது: நீரையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சிவிடும், பிறகு நிறுத்த எடை எல்லாம் பொய்.

பி.ஈ.ஐ.யின் பெரிய குறை, மூலக்கூறுகள் ஒரே அளவில் இல்லாதது. எந்த மூலக்கூறில் எத்தனை செப்பு என்று கேட்டால் பதில் கிடையாது.

பமாமில் அந்தப் பதில் கிடைக்கும். இது டென்ட்ரிமர், அதாவது நடுவிலிருந்து அடுக்கடுக்காக ஒழுங்காகக் கிளைக்கும் பல்பகுதியம்; அடுக்கைத் தலைமுறை என்பார்கள். ஐதரொட்சில் நுனி கொண்ட நான்காம் தலைமுறை சுமார் 14,000 மூலக்கூற்று நிறையுடையது. உள்ளே 62 மூன்றாம்நிலை அமைன்கள். 16 செப்பு அயன்களைப் பிடிக்கும். கட்டுண்ட செப்பு 605 நானோமீற்றரில் உறிஞ்சும், கட்டற்றது 810 அளவில். ஆகவே ஏறியதா இல்லையா என்பதை நிறமாலைமானியே சொல்லிவிடும். விலைதான் கடிக்கும். பெரும்பாலும் மெதனோல் கரைசலாகவே வரும். அதை முழுதாக ஆவியாக்காமல் உயிர்க்கலங்களில் ஊற்றினால் மெதனோலின் நச்சு பல்பகுதியத்தின் கணக்கில் சேரும்.

இரண்டுக்கும் பொதுவான வில்லங்கம் கலவளர்ப்பு ஊடகம். பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் தளர்ந்த செப்பு வெளிர்நீலக் கலங்கலாகப் படியும். சீரத்தின் அல்புமினும் செப்பைப் பறிக்கும். pH மிகவும் கீழே போனால் அமைன்கள் புரோத்தனேற்றம் அடைந்து உலோகத்தைக் கைவிடும். செப்புக்குப் பதில் வெள்ளியைப் போட்டால் உப்பு நீரிலேயே வெள்ளிக் குளோரைட்டாக வெளுக்கும்.

நுனியைப் பற்றி யோசிக்காமல் உலோகத்தை மட்டும் பேசுவது வீண். அமைன் நுனிகள் கலமென்சவ்வைக் கிழிக்கும். கலம் செத்தால் வைரசும் பெருகாது. வைரசின் மரபுப்பொருளை அளக்கும் பிசிஆர் சோதனை அதை வைரசு எதிர்ப்பாகவே காட்டும். டெங்குவின் உறைப் புரதம் கலப்பரப்பிலுள்ள எப்பரன் சல்பேற்று என்ற சர்க்கரைச் சங்கிலியைத் தேடி ஒட்டுவதால், அதைப் போலவே எதிர்மின்னேற்றம் (−) கொண்ட நுனி அந்த இடத்திலேயே மறிக்கக்கூடும். சந்தைக்கு வந்த அஸ்தோட்ரிமர் என்ற வைரசு எதிர்ப்பு டென்ட்ரிமரும் 32 நப்தலீன் இருசல்பனேற்று நுனிகளை நம்பியதுதான்; அதில் செப்பும் இல்லை, வெள்ளியும் இல்லை.

எங்கள் தெரிவு: விகிதம், pH பழக பி.ஈ.ஐ.; வைரசுப் பரிசோதனைக்கு 64 காபொட்சிலேற்று நுனிகள் கொண்ட 3.5ஆம் தலைமுறை பமாம். ஒவ்வொரு தட்டிலும் வெறும் பல்பகுதியம், அதே செறிவில் வெறும் செப்பு உப்பு, இரண்டும் சேர்ந்தது, எதுவும் சேர்க்காதது என நான்கும் இருக்க வேண்டும். வைரசு இல்லாத கலநச்சுத் தட்டு ஒன்று தனியே.