டீசல் முள் பொய் சொன்னால் உடனே மீட்டர் போர்டை மாற்றிவிடாதீர்கள்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றிச் சேலம் பக்கம் போகும் பிக்கப் ஓனர்கள் கொஞ்சம் படியுங்கள். கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டீசல் மீட்டர் வேலை என்று என்னிடம் 9,300 ரூபாய் கறந்துவிட்டார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

வண்டி பழசு, முள் மீட்டர். டேங்க் காலியானாலும் முள் கால் டேங்குக்குக் கீழே இறங்காது. ஒர்க்‌ஷாப்காரர் சாவியைப் போட்டுப் பார்த்ததோடு சரி. "மீட்டர் போர்டு அவுட்டுங்கண்ணா" என்று 6,500. மாற்றியும் அதே கதை. திரும்பப் போனால், "அப்ப டேங்க் ஃப்ளோட்டும் போயிருக்கு" என்று 2,800. ஃப்ளோட் என்றால் டேங்குக்குள் டீசலோடு ஏறி இறங்கி மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவை. "புது ஃப்ளோட்டுங்கண்ணா, இனிமே முள்ளை நம்பி ஓட்டுங்க."

நம்பி ஓட்டிய லோடில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் தீர்ந்தது. முள் கால் டேங்க் காட்டுகிறது! இன்ஜின் சுற்றுவது நின்றால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்குவம் கிடைக்காது; இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பின்னால் டிரெய்லர்கள் வேறு. கியரை எடுக்காமல் பிடித்ததால்தான் இரட்டைப் பாலத்துக்கு முன்பே ஓரங்கட்ட முடிந்தது. டீசல் வாங்கி ஊற்றி, டீசல் லைனில் புகுந்த ஏரை எடுத்துக் கிளப்புவதற்குள் மண்டி நேரம் போயே போச்சு.

பாலக்கோட்டில் ஒரு வயரிங்காரர் டேங்க் மேலே டார்ச் அடித்துக் காட்டினார். ஃப்ளோட் மூடியின் ஸ்க்ரூ தலைகளில் செம்மண் காய்ந்து கெட்டியாக அப்பியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. "இதுல யாரும் கையே வெக்கலீங்க" என்றார். மீட்டர் போர்டும் புதுசில்லை. கிலோமீட்டர் எண் வேறு ஏதோ வண்டியுடையது. நல்லா இருந்த என் மீட்டரைக் கழற்றிக்கொண்டு உடைசல் கடைச் சரக்கை மாட்டியிருக்கிறார்கள்.

அவர் பார்த்த விதம் இதுதான். ஃப்ளோட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரைக் கழற்றினார், முள் ஃபுல்லுக்கு ஏறியது. பாடியில் தொட்டார், காலிக்கு இறங்கியது. அப்படியென்றால் மீட்டரும் வயரும் சரி, கோளாறு டேங்க் பக்கம். அங்கே ஃப்ளோட்டை பாடியோடு இணைக்கும் எர்த் வயர் போல்ட்டடியில் துரு. என் வண்டி ஃப்ளோட் டீசல் கூடக்கூட ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும் வகை. துருவும் தன் பங்குக்கு ரெசிஸ்டன்ஸைக் கூட்ட, மீட்டர் அதை டீசல் என்று எடுத்துக்கொண்டது. காலியில் 240 ஓம், ஃபுல்லில் 33 ஓம் என்று தலைகீழாக வேலை செய்யும் வகையும் உண்டு. அதில் இதே துரு டீசலைக் குறைத்துக் காட்டும். எமரி போட்டுத் தேய்த்து, புது எர்த் வயர் இழுத்தார். 200 ரூபாய்.

டிஜிட்டல் மீட்டர் வண்டியில் வயரைப் பாடியில் தொட்டுப் பார்க்காதீர்கள், போர்டே போய்விடலாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் போங்கள். வேலை முடிந்ததும் காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கத்தில் முள் ஆடுவது சகஜம், அதை ரிப்பேர் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் பழைய மீட்டரைக் கேட்டால், "எடைக்குப் போட்டாச்சுங்கண்ணா" என்கிறார். பில்லும் தரவில்லை, துண்டுச் சீட்டுதான். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் செம்மண் ஸ்க்ரூ போட்டோவையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட்டால் போதும்.