இலவச மரபு நடைகள்: சில வருட அனுபவம்

பழைய தெரு, கோட்டைச் சுவர், ஆற்றங்கரை, குன்று என்று வழிகாட்டியோடு சுற்றிவரும் இலவச நடைகளுக்குச் சில வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். "இலவசம்தானே, என்ன பெரிதாக இருக்கப் போகிறது" என்று தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம், ஓர் இடத்தை எப்படிப் பார்ப்பது என்று பிடிபட்டதுதான். ஒரு நடையில் வழிகாட்டி எங்களைக் கற்சுவர் ஒன்றின் அருகே நிறுத்தி, கற்களுக்கு நடுவே இருக்கும் பூச்சைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் வெளிறிய சுண்ணாம்புச் சாந்து. அங்கே கற்கள் முழுசாக இருந்தன. பிற்பாடு சிமெண்ட் வைத்துப் பழுதுபார்த்த பக்கத்தில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். ஈரம் கல் வழியாகவே வெளியேற, அதிலிருக்கும் உப்பு கல்லுக்குள் படிந்து மேற்பரப்பை உடைத்துவிடும். அதற்கப்புறம் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் பூச்சுக்குத்தான் போகிறது.

நிலமும் அப்படித்தான். பாறை விளிம்பில் அரைக்குழிகள் வரிசையாகத் தெரிந்தால், அங்கே ஆப்பு இறக்கிக் கல் பிளந்திருக்கிறார்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபடும், உள்கரையில் மணல் சேரும். ஒரே பாதையைக் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை நடந்தால் இதெல்லாம் இன்னும் நன்றாகப் புரியும்.

கட்டணம் இல்லாததால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களும் கூட வந்துவிடுகிறார்கள். வழிகாட்டி பேசி முடிப்பதற்குள், "வாய்க்கால் இந்தப் பக்கமாத்தான் ஓடுச்சு" என்று ஒரு பெரியவர் கையை நீட்டுவார். எனக்கு நடையின் சிறந்த பகுதி அதுதான். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக 2007இல் டொராண்டோவில் தொடங்கிய ஜேன்ஸ் வாக் நடைகளும் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன: ஊரைப் பற்றிப் பேச அங்கே வாழ்கிறவரே போதும்.

குறைகளும் உண்டு. கூட்டம் சேர்ந்துவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு எதுவும் காதில் விழாது. பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்களால் மற்றவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சில வழிகாட்டிகள் செவிவழிக் கதையையும் சான்றுள்ள செய்தியையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவிடுகிறார்கள். "இது எப்படித் தெரிய வந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். இலவசம் என்று அறிவித்துவிட்டு முடிவில் அன்பளிப்பு எதிர்பார்க்கும் சுற்றுலா நடைகள் வேறு வகை. அது தவறில்லை, ஆனால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

குன்று ஏறும் நடை என்றால் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நின்று பேசும் நேரம் இதில் சேராது. முதல் தடவை போகிறவர்கள் சமதளத்தில் இரண்டு மணி நேர நடையாகத் தேர்ந்தெடுங்கள்.