ஸ்பெக்ட்ரமில் தமிழ்ச் சாகச விளையாட்டு எழுத ‘தி குவில்’ உதவுமா?

வேல்ஸின் கில்சாஃப்ட் 1983இல் வெளியிட்டது ‘தி குவில்’. எழுதியவர் கிரேம் யெண்டில். 1980களின் வீட்டுக் கணினியான 48கே ஸ்பெக்ட்ரமில் ஒரு வரி நிரல்கூட எழுதாமல், அட்டவணைகளை நிரப்பியே எழுத்துச் சாகச விளையாட்டு (படமில்லாமல், கட்டளைகளைத் தட்டி ஆடும் கதை விளையாட்டு) செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் அவசியம் எடுத்துப் பார்க்க வேண்டியது இது.

தமிழ் எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். நாமே வரைந்துகொள்ள ஸ்பெக்ட்ரம் விடும் இடம் 21 எழுத்துக்குத்தான். உயிரும் மெய்யும் ஆய்தமுமே 31. தவிர, 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் ‘ணை’ குழம்பிப்போகும். ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்ட வேண்டும்.

ஆனால் இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது! குவிலுக்குப் பெயர், வினை என்ற பேதமே கிடையாது. தட்டியதில் தனக்குத் தெரிந்த முதல் இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் ‘விளக்கை எடு’ என்ற நம் வரிசையையே நிகழ்வு அட்டவணையில் (எந்தக் கட்டளைக்கு என்ன நடக்கும் என்ற பட்டியலில்) பதியலாம். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்தை மட்டும் பார்ப்பதால் விளக்கு, விளக்கை, விளக்கால் எல்லாம் அதற்கு ஒன்றே. வேற்றுமை உருபுத் தொல்லை தானாகத் தீர்ந்துவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான். கத்தி, கதவு இரண்டையும் ‘கே ஏ டி எச்’ (KATH) என்று தொடங்கினால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும்; கத்திக்கு ‘கே ஏ டி டி’ (KATT) வையுங்கள். ‘கல்’ ஆங்கிலத்தில் மூன்றெழுத்து (KAL); ‘கல்லை’ என்பதிலோ குவில் பார்க்கும் முதல் நான்கு KALL. இரண்டையும் ஒரே எண்ணில் அகராதியில் சேர்க்காவிட்டால் ஒன்று புரியாது.

விளக்கு 0ஆம் பொருளாகவே இருக்க வேண்டும். 0ஆம் கொடி (விளையாட்டின் நிலையைக் குறித்துவைக்கும் எண்) பூச்சியம் இல்லையென்றால் அறை இருட்டு. அந்த இருட்டை 0ஆம் பொருள் மட்டுமே விலக்கும். வேறு எண் கொடுத்துவிட்டு, விளக்கு கையில் இருந்தும் இருட்டு ஏன் என்று தேடுபவர்கள் உண்டு.

உரையைக் குவில் சுருக்காது. 200 எழுத்து வீதம் 100 அறை என்றால் 20,000 பைட் போயிற்று. ‘கொண்டிருக்கிறது’ என்ற ஒரு சொல்லே 32 எழுத்து வரியில் பாதியை விழுங்கும்; பேச்சுத் தமிழில் எழுதுங்கள், இடம் மிஞ்சும்.

சேமிப்பில் இரண்டு வகை உண்டு. ‘அட்வென்ச்சர்’ என்று சேமித்தது விளையாட மட்டுமே. திருத்த ‘டேட்டாபேஸ்’ கோப்பு வேண்டும். நம் ஊர் மின்வெட்டில் நினைவகம் நொடியில் காலியாகும், ஐந்து அறைக்கு ஒருமுறை டேட்டாபேஸைச் சேமித்துவிடுங்கள். ஃப்யூஸ் போன்ற எமுலேட்டரில் (ஸ்பெக்ட்ரமைப் போலவே இயங்கும் மென்பொருளில்), மடிக்கணினியில் செய்தால் இந்தக் கவலை குறையும்.

படம் வேண்டுமென்றால் ‘தி இல்லஸ்ட்ரேட்டர்’ தனியாகத் தேவை. அது தின்னும் நினைவகத்தை அறை வருணனைக்கே விடலாம் என்பது என் கருத்து.