சீருடை கழற்றிய பின்: விஜிஎல்ஐயா, தனியார் டெர்மா, விஏலைஃபா?

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும்வரை, படைவீரர்களுக்கான குழு ஆயுள் காப்பீடான எஸ்ஜிஎல்ஐயோடு (SGLI) போட்டி போட ஆளில்லை. 2023 மார்ச் முதல் உச்சவரம்பு 5 லட்சம் டாலர். வயது என்னவானாலும் ஒரே விகிதத்தில் பிரீமியம். பணி விலகிய பின்னும் 120 நாள் கட்டணமின்றித் தொடரும். ஆனால் அது தானாக விஜிஎல்ஐ (VGLI), அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான குழு ஆயுள் காப்பீடு, ஆகிவிடாது, விண்ணப்பித்தாக வேண்டும்.

விஜிஎல்ஐயின் உயிர்நாடி 240 நாள். விலகிய நாளிலிருந்து அதற்குள் விண்ணப்பித்தால் உடல்நலக் கேள்வியே கிடையாது. அதைத் தாண்டினால் ஆரோக்கியச் சான்று கேட்பார்கள். ஓராண்டும் 120 நாளும் கடந்தால் வாய்ப்பே போய்விடும். புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் ஒரே கட்டணம். சர்க்கரை நோயோ போர்க்கள மன அழுத்தமோ உள்ளவருக்கு இது வரம். திடகாத்திரமானவருக்கோ அடுத்தவர் சுமையையும் சேர்த்துத் தூக்குவது. போதாக்குறைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வயதுப் படி மாறும்போதெல்லாம் பிரீமியம் ஏறும். அறுபதுக்கு மேல் கையைக் கடிக்கும்.

தனியார் டெர்மில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் ஆயுள் காப்பீட்டில், 20 அல்லது 30 ஆண்டுக்குப் பிரீமியம் மாறாது. நோயில்லாத, புகைக்காத 35 வயதுக்காரர் மொத்தக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் இதுவே மலிவு. சிக்கல் மருத்துவப் பரிசோதனையில். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் 240 நாளைக் கோட்டைவிட்டு, கடைசியில் நிராகரிப்புக் கடிதம் வந்தால் இரண்டும் இல்லை. எனவே பணியில் இருக்கும்போதே தனியாருக்கு விண்ணப்பியுங்கள். பாலிசி கைக்கு வராமல் விஜிஎல்ஐயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ரிசர்வ் படையில் தொடர்பவர்கள் போர் விலக்கு விதி (போரில் இறந்தால் பணம் தராத விதி) இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஸ்ஜிஎல்ஐயை 120 நாளுக்குள் தனியார் ஆயுள் முழுக்காப்பீடாக மாற்றும் வழியும் உண்டு. பிரீமியம் கனம். விஜிஎல்ஐயை எப்போது வேண்டுமானாலும் அப்படி மாற்றலாம் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. அவசரம் குடும்ப எஸ்ஜிஎல்ஐயில் இருக்கும் துணைவருக்குத்தான்: அவருக்கு விஜிஎல்ஐ கிடையாது, தன் காப்பீட்டைத் தனியாருக்கு மாற்ற அந்த 120 நாள் மட்டுமே.

2023இல் வந்த விஏலைஃப் (VALife) என்ற ஆயுள் முழுக்காப்பீடு, பணி சார்ந்த ஊனம் என்று விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) ஏற்றவர்களுக்கு. ஊன மதிப்பீடு 0 சதவீதமானாலும் போதும். உச்சம் 40,000 டாலர், பிரீமியம் ஒருபோதும் ஏறாது. முதல் இரண்டு ஆண்டுக்குள் இறந்தால் கட்டிய பணமும் வட்டியும் மட்டுமே. ஈமச்செலவுக்கு ஆகும், வீட்டுக்கடனை அடைக்க ஆகாது.

விவாகரத்தானவர்கள் வாரிசுப் பெயரை உடனே மாற்றுங்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு பிள்ளைகளுக்கு என்று சொன்னாலும், எஸ்ஜிஎல்ஐயில் எழுதிய பெயருக்கே பணம் என்று 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.