சூரியகாந்தி நாடா: தம்பியோடு நான்கு பயணங்கள்

என் தம்பிக்கு 26 வயது. ஆட்டிசம் உள்ளவன். நன்றாகவே பேசுவான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குப் பத்து நொடியாவது ஆகும். அந்தப் பத்து நொடியை அவனுக்குக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. உடனே பதில் வரவில்லை என்றால் குரலை உயர்த்துவார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் என் பக்கம் திரும்பி, "இவர் பெயர் என்ன?" என்பார்கள். அவன் பெயரை அவன் முன்னாலேயே எத்தனை முறை நான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் விரும்பினால் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். 2016-இல் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று பல நாடுகளின் விமான நிலையங்களிலும் கடைகளிலும் இருக்கிறது. எங்களுக்கு உதவி மேசையில் இலவசமாகவே கொடுத்தார்கள். மருத்துவச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. வரிசையைத் தாண்டிப் போவதற்கான அனுமதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படலாம்' என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முதலில் இதில் சம்மதமே இல்லை. "என் பிள்ளை கழுத்தில் எதற்கு அடையாளம்?" என்று கேட்டார். எனக்கும் அதே தயக்கம் இருந்தது. பிறகுதான், இதை முடிவு செய்ய வேண்டியவன் தம்பி அல்லவா என்று உறைத்தது. நாடாவை அவன் மேசைமேல் வைத்து, எதற்கென்று விளக்கிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

குறைகளும் உண்டு. நாடாவின் ஓரம் கழுத்தில் உரசியது. தொடுஉணர்வு கூர்மையாக உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. சட்டைக் காலருக்கு மேல் வரும்படி போட்ட பிறகு சரியானது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகுவது நல்லது. பெரிய குறை வேறு: ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லாத இடத்தில் இது வெறும் பூப்போட்ட நாடா. இரண்டாவது பயணத்தில் ஒரு விமான நிலையத்தில், சுற்றுலாக் குழுவின் அட்டையா என்று கேட்டார்கள். அன்றும் பழையபடி நானே பதில் சொன்னேன். நாடாவை எடுத்துக் கொடுப்பதோடு நிறுவனத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை.

நாலாவது பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் நாடாவைப் பார்த்தார். அதில் தொங்கும் அட்டையில், 'கேள்வியை ஒருமுறை கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்' என்று நாங்கள் எழுதியிருந்ததைப் படித்தார். விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். "உங்கள் பெயர் என்ன?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி நாடாவின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தம்பி தன் முழுப்பெயரைச் சொன்னான். அதோடு நிறுத்தாமல், "ஜன்னல் ஓரம்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் ஓர இருக்கையைக் கொடுத்தார்.

சமூகத்தில் முழுமையாகச் சேர்ந்து வாழ்வது உரிமை என்று, 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. அந்தப் பெரிய சொற்களின் அர்த்தத்தை அன்று கவுன்ட்டர் முன்னால் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் கிளம்புகிறோம். இந்த முறை பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.