ஜிசிசி 14: கத்துகிற எரரை விட, சொல்லாமல் விடுகிற கான்ஃபிகர்தான் ஆபத்து

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸ் போட்டதும், சி கம்பைலரான ஜிசிசி 12 இருந்த இடத்தில் 14 வந்து உட்கார்ந்துவிடும். நேற்றுவரை கான்ஃபிகர், மேக் என்று இரண்டு கமாண்டில் முடிந்த பழைய டார் பால் (சோர்ஸ் கோடு பொட்டலம்) இன்று பாதியில் நின்றுபோகும். நாகர்கோவில், தக்கலை பக்கத்து லேப்களில் இதற்குக் கிடைக்கும் முதல் வைத்தியம், "பழைய கம்பைலரையே போடு." வேண்டாம். இந்தக் கம்பைலருக்கு 10-க்கு 8 கொடுக்கலாம். குறைத்த இரண்டு மார்க் எதற்கென்று கீழே இருக்கிறது. ஃப்ளாக் (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்) பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறது. டைப் செய்யும்போது நடுவில் இடைவெளி கிடையாது.

முன்பு வெறும் வார்னிங்காக ஓடிப்போன சில விஷயங்கள் 14-இல் எரர். டிக்ளேர் செய்யாத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, டைப் போடாமல் விடுவது, பாயின்டரையும் இன்ட்டையும் கலப்பது, பொருந்தாத பாயின்டர்களை மாற்றி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். கண்டிப்பு நியாயமானதுதான். தேதி எழுத்தைப் படிக்கும் எஸ்டிஆர்பிடைம் என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது திருப்பித் தருவது பாயின்டர். டிக்ளரேஷன் இல்லாவிட்டால் பழைய கம்பைலர் அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் மெஷினில் முகவரியின் மேல் பாதி காணாமல் போகும். புரோகிராம் ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட். ஹெடரைச் சேர்த்தும் இதே எரர் வருகிறதா? எக்ஸ்ஓபன் மேக்ரோ டிஃபைன் ஆகாமல் டைம் ஹெடர் இந்த ஃபங்ஷனை வெளியே காட்டாது. மைனஸ் டி அண்டர்ஸ்கோர் ஜிஎன்யு அண்டர்ஸ்கோர் சோர்ஸ் என்பதை சிபிபி-ஃப்ளாக்ஸில் (ப்ரீபிராசசருக்கான ஃப்ளாக் பட்டியல்) கொடுத்தால் எக்ஸ்ஓபனும் சேர்ந்தே திறக்கும், தீர்ந்தது. மேக்ஃபைலில் ஸ்டேண்டர்டு சி99 என்றிருந்தால் ஜிஎன்யு99 ஆக்கிப் பாருங்கள்; பை மதிப்பான எம் அண்டர்ஸ்கோர் பிஐ கிடைக்கவில்லை என்ற புலம்பலும் அதோடு நிற்கும்.

எரர் செய்தி எழுதும் விதத்தில் முழு மார்க். பொதுவான ஸ்டேண்டர்டு ஃபங்ஷன் என்றால் எந்த ஹெடர் விட்டுப்போயிற்று என்று பெயரோடு சொல்கிறது. "அன்ரெகக்னைஸ்டு கமாண்டு-லைன் ஆப்ஷன்" வந்தால் பெரும்பாலும் ஃப்ளாக்கில் தப்பு இருக்காது, மெஷின்தான் வேறு. இன்டெல் பிசிக்கு எழுதிய மேக்ஃபைலை ராஸ்பெர்ரி பையில் ஓட்டினால் மைனஸ் எம் எஸ்எஸ்இ2-வில் நிற்கும். எஸ்எஸ்இ என்பது இன்டெல் வகை சிப்பின் கட்டளைத் தொகுப்பு, பையின் ஆர்ம் சிப்பில் அது ஏது? அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் போதும். வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப்பிலும் வரும் லேப் நோட்ஸிலிருந்து காப்பி செய்தால் இன்னொரு கூத்து: வேர்டு புண்ணியத்தில் மைனஸ் நீண்ட கோடாக மாறியிருக்கும். ஜிசிசி அதை ஃபைல் பெயர் என்று நினைத்து "நோ சச் ஃபைல்" என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாது, கையால் திரும்ப டைப் செய்யுங்கள்.

முதல் மார்க் போனது இங்கே. தெரியாத மைனஸ் டபிள்யூ ஃபூ (ஃபூ இடத்தில் ஏதோ ஒரு வார்னிங் பெயர்) கொடுத்தால் ஜிசிசி எரர் சொல்லும். அந்த வார்னிங்கை அணைக்கும் மைனஸ் டபிள்யூ நோ மைனஸ் ஃபூ கொடுத்தால் வாயே திறக்காது. அதே ஃபைலில் வேறு கோளாறு வந்தால் மட்டும் கடைசியில் ஒரு நோட் போடும். கடைசி வரியில் இருக்கிறதே என்று அதைத் துரத்தி அரைநாளைப் போக்காதீர்கள். நிஜமான எரர் அதற்கு மேலே கிடக்கும். ஃப்ரீபிஎஸ்டி சிஸ்டத்தோடு வரும் கம்பைலரான கிளாங் தெரியாத வார்னிங் பெயரை எந்த வடிவத்திலும் சொல்லிவிடும். அந்த ஒழுங்கு இங்கே இல்லை.

ஃப்ளாக்கை எங்கே கொடுப்பது என்பதிலும் தவறு நடக்கும். மேக் என்ற வார்த்தைக்குப் பின்னால் சி-ஃப்ளாக்ஸ் (சி கம்பைலருக்கான ஃப்ளாக் பட்டியல்) கொடுத்தால் மேக்ஃபைலில் எழுதியிருப்பது மொத்தமும் அடிபடும், ஷேர்டு லைப்ரரிக்கு வேண்டிய மைனஸ் எஃப் பிஐசி உட்பட. முன்னால் கொடுத்தால் மேக்ஃபைல் உங்களுடையதை அடித்துவிடும். கான்ஃபிகர் இருக்கும் பேக்கேஜில் கான்ஃபிகருக்கே கொடுங்கள். அப்போது வழக்கமாக வரும் மைனஸ் ஜி, மைனஸ் ஓ2 இரண்டும் போய்விடும், அவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். மைனஸ் எல் எம் மாதிரி லைப்ரரி என்றால் எல்டி-ஃப்ளாக்ஸில் வேண்டாம், லிப்ஸில் போடுங்கள். லைப்ரரி, ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் பின்னால் வந்தால்தான் லிங்கர் (துண்டுகளை ஒரே புரோகிராமாகச் சேர்ப்பது) எடுக்கும்.

இரண்டாவது மார்க் கான்ஃபிகரால் போனது. கம்பைலரின் குற்றம் பாதிதான். பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வசதியையும் சோதிக்க குட்டி சி புரோகிராம் எழுதிப் பார்க்கும். மெயினுக்கு டைப் இருக்காது, எக்ஸிட்டுக்கு ஹெடர் இருக்காது. ஜிசிசி 14-இல் அந்தச் சோதனையே கம்பைல் ஆகாது. கான்ஃபிகர் அதை "நோ" என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகும். எரர் எதுவும் வராது, பில்டும் முடியும். ஒரு வசதி மட்டும் இல்லாத புரோகிராம் கையில் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு தனி ஃபோல்டரில் கான்ஃபிகர் ஓட்டுங்கள், ஒன்றில் மட்டும் சி-ஃப்ளாக்ஸோடு மைனஸ் எஃப் பெர்மிசிவ் சேர்த்து. அந்த ஃப்ளாக் மேலே சொன்ன எரர்களைத் திரும்ப வார்னிங் ஆக்கும். பிறகு இரண்டு கான்ஃபிக் டாட் ஹெச் ஃபைலுக்கும் டிஃப் எடுங்கள். வித்தியாசப்படும் வரிகள் பெரும்பாலும் பொய்யான "நோ". காரணத்தை கான்ஃபிக் டாட் லாகில் கான்ஃப்டெஸ்ட் என்று தேடினால் அப்படியே இருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் திரும்ப உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் மைனஸ் எஃப் ஐ ஓட்டினால் பொதுவான சோதனைகள் புதிதாகும். எழுதியவர் கையால் சேர்த்தவை மாறாது, அவற்றை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இடவப்பாதிக்கும் (ஜூன் பருவமழை) ஐப்பசிக்கும் இரண்டு மழை பார்க்கிற மாவட்டம் குமரி. பெரிய பில்ட் நடுவில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த டாட் ஓ ஃபைல் (ஆப்ஜெக்ட் ஃபைல்) காலியாக நிற்கலாம். மறுபடி மேக் அடித்தால் ஃபைல் இருக்கிறதே என்று தாண்டிவிடும், லிங்க் நேரத்தில்தான் "ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு" வரும். ஃப்ளாக்கை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ஃபைண்ட் கமாண்டில் சைஸ் பூஜ்யமான டாட் ஓ-க்களைத் தேடி அழித்தால் பெரும்பாலும் சரியாகும். சந்தேகம் தீராவிட்டால் மேக் கிளீன்.

ஜிசிசி 15-க்கு இப்போதே தாவ நினைப்பவர்களுக்கு: அதன் வழக்கமான ஸ்டேண்டர்டு ஜிஎன்யு23. அதில் பூல் கீவேர்டு ஆகிவிட்டது. காலி அடைப்புக்குறியோடு டிக்ளேர் செய்த ஃபங்ஷனுக்கு ஆர்குமென்ட் கொடுத்தாலும் எரர். அங்கே பெர்மிசிவ் கைகொடுக்காது. மைனஸ் எஸ்டிடி ஈக்வல் ஜிஎன்யு17 கொடுத்தால் நகரும்.